உப்புக் காற்றும் ஒன்பது அங்குலச் சுவரும்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மாமல்லபுரக் கரையை விட்டு இறங்கியபோது, சாளுவன்குப்பம் புலிக்குகைக்கு அருகே மணல் மூடியிருந்த பாறையில் எழுத்துகள் வெளியே தெரிந்தன. அவை ஒரு முருகன் கோயிலைப் பற்றிய கல்வெட்டுகள். கோயில் எங்கே என்று தேடிய இந்தியத் தொல்லியல் துறை 2005-இல் அங்கே தோண்டத் தொடங்கியது. மேலே பல்லவர் காலக் கருங்கல் வேலை கிடைத்தது. அதற்கும் கீழே வரிவரியாகச் செங்கல் இருந்தது. பூம்புகாரிலும் உறையூரிலும் கிடைத்தவற்றைப் போன்ற பெரிய செங்கற்கள். சங்க காலத்தவை என்று அகழ்ந்தவர்கள் கணித்தார்கள். அந்தப் பழைய கோயிலைக் கடல்தான் சாய்த்திருக்க வேண்டும் என்பதும், விழுந்த இடத்திலேயே பின்னால் வந்தவர்கள் மறுபடி எழுப்பினார்கள் என்பதும் அவர்கள் கருத்து.

அந்தக் கோயிலுக்குப் பொன் கொடுத்தவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. செங்கல் அடுக்கியவரின் பெயர் இல்லை.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவரைக் கோயில் அமைத்தபோது, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இதை எடுப்பித்தேன் என்று கல்வெட்டில் பெருமையோடு பொறித்தான். அந்தப் பெருமையைச் சற்றுத் திருப்பிப் படித்தால், அதுவரை இந்த நாட்டில் கட்டடம் என்றாலே இந்த நான்கும்தான் என்பது விளங்கும். மன்னன் கல்லுக்கு மாறினான். வீடு கட்டிய குடும்பங்கள் மாறவில்லை. மாமல்லபுரத்தின் ஒற்றைக்கல் ரதங்களைப் பார்க்க உலகமே வருகிறது. அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் மக்கள் குடியிருப்பது அன்றும் இன்றும் கொத்தனார் கட்டிய சுவருக்குள்தான்.

கோவளம், திருப்போரூர், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செங்கல்பட்டு என எந்த ஊரின் கூட்டுரோட்டிலும் காலை ஏழு மணிக்கு ஒரு கூட்டம் நிற்கும். கையில் பை, பைக்குள் கரண்டி, மணியாசுக் கட்டை, தூக்குக்குண்டு, ரசமட்டம், ஒரு நூல்கண்டு, மதியச் சாப்பாடு. மேஸ்திரி வந்து ஆள் பிரித்துக்கொண்டு போவார். சென்னை தெற்கே வளர்ந்து பழைய மாமல்லபுரம் சாலையையும் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் நிரப்பியது இவர்கள் கையால். இவர்களில் ஒருவர் தன் சொந்த வீட்டைக் கட்டுவது மட்டும் எப்போதும் கடைசியில்தான் நடக்கிறது.

கொத்தனார் வீட்டுக்கென்று ஒரு நடைமுறை உண்டு. சீட்டு எடுத்த பணத்தில் கடைக்கால் தோண்டி பேஸ்மட்டம் வரை ஏற்றிவிட்டு நிறுத்துவார்கள். அது ஒரு மழையோ இரண்டு மழையோ பார்க்கும். அடுத்த பணம் வந்ததும் நிலை வைத்துச் சுவர் லிண்டல் மட்டத்துக்கு வரும். தளம் போடப் பெரிய பணம் வேண்டும் என்பதால் அங்கே ஒரு நீண்ட நிறுத்தம். அதுவரை ஓலையோ சிமென்ட் ஷீட்டோ போட்டு உள்ளே சமைப்பார்கள், பிள்ளைகள் படிப்பார்கள். தளம் விழுந்த பிறகும் வெளிப்பூச்சு பாக்கி இருக்கும். மகள் கல்யாணத்துக்கு முன் முகப்புக்கு மட்டும் பூச்சு, மகனுக்குக் கல்யாணம் என்றால் மாடியில் ஒரு அறை. கூலி வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கணவன் கல் வைக்க, மனைவி கலவை எடுத்துக் கொடுக்க, பிள்ளைகள் தண்ணீர் ஊற்ற, அந்தச் சுவர் எழும்பும். இதைப் பார்த்து 'பாதியில் நிற்கிற வீடு' என்று சொல்வது சரியல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வங்கிக் கடன் எட்டாத ஒரு குடும்பம், தன் கைத்தொழிலையே முதலாகப் போட்டுக் கடனில்லாமல் வீடு பெறுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் லாரி பேக்கர் தன் குடும்பத்துக்குக் கட்டிய வீடும் இப்படித்தான் வளர்ந்தது. 1945-இல் இந்தியா வந்து இங்கேயே தங்கிவிட்ட அந்தக் கட்டடக் கலைஞர், பாறைச் சரிவில் ஒரு சிறிய வீடாகத் தொடங்கி, தேவை வந்தபோதெல்லாம் அறை சேர்த்துக்கொண்டே போனார். பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய கல்லும் மரமும் ஓடும் அதில் இடம் பிடித்தன. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறி' முறையைக் கேரளமெங்கும் பரப்பியதும் அவர்தான். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். நடுவில் நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். நம் கரையில் இந்த முறை இன்னும் வேரூன்றவில்லை. கொத்தனார்கள் இதைத் தங்கள் சொந்த வீட்டிலாவது முயன்று பார்க்க வேண்டும்.

நல்ல சுவரை எப்படி அறிவது? பூச்சு ஏறிவிட்டால் எல்லாச் சுவரும் ஒன்றுபோல் தெரியும். கொத்தனாரின் திறமை பூச்சுக்கு அடியில் இருக்கிறது. கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தாரா என்பது முதல் கேள்வி. காய்ந்த செங்கல் கலவையிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், சிமென்ட் இறுகத் தண்ணீர் இல்லாமல் போகும், பிடிப்பு வராது. ஒரு வரியில் நெடுக்குக் கல், அடுத்த வரியில் குறுக்குக் கல் என்று மாற்றி, மேல்வரிச் சந்து கீழ்வரிச் சந்தின் மேல் நேராக விழாமல் மூலைக்கு அரைக்கல், கால்கல் உடைத்துப் போட்டாரா என்பது இரண்டாவது. சந்து முழுக்கக் கலவை நிறைந்திருக்கிறதா, வெளியில் மட்டும் தடவி உள்ளே பொக்கையா என்பது மூன்றாவது. ஒரே நாளில் ஐந்தடிக்கு மேல் சுவரை ஏற்றக் கூடாது. கீழ்வரிக் கலவை இறுகுமுன் மேலே பாரம் ஏறினால் சுவர் நூல் தப்பும். ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்தும் இடத்தில் இந்த ஐந்தடிக் கணக்கு பல சமயம் காற்றில் போகிறது. சொந்த வீட்டில் கொத்தனார் அதை மீறுவதில்லை. ஏழு நாளாவது காலையும் மாலையும் சுவரை நனைப்பதும் அங்கே தவறுவதில்லை, குடத்தில் சுமந்து வரும் தண்ணீராக இருந்தாலும்.

கடலோரத்தில் இன்னொரு கேள்வி சேர்ந்துகொள்ளும்: மணல் எங்கிருந்து வந்தது? கடல் மணலில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரத்தில் கரைந்து செங்கல்லின் நுண்துளைகளுக்குள் போகும். வெயிலில் ஈரம் ஆவியானதும் அங்கேயே படிகமாக உறையும். உறையும்போது பருத்துத் துளையின் சுவரைத் தள்ளும். மாதக்கணக்கில் இது நடந்தால் செங்கல் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். பழைய வீடுகளில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் வெள்ளை பூத்து, விரலால் தொட்டாலே மண்ணாகக் கொட்டும் பட்டை இந்த உப்பின் வேலைதான். பாலாற்று மணல் கைக்கு எட்டியவரை கொத்தனாருக்கு இந்தக் கவலை குறைவாக இருந்தது. இப்போது கருங்கல்லை உடைத்துச் சலித்த எம்-சாண்ட் வருகிறது. அதில் உப்பு இல்லை. ஆனால் கல்தூசி மிகுந்த மட்ட ரக மணல் வந்தால் பூச்சு மயிர்க்கோடாக வெடிக்கும். கைப்பிடி மணலை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி, மேலே எவ்வளவு வண்டல் நிற்கிறது என்று பார்த்துவிட்டு லாரியைத் திருப்பி அனுப்பும் கொத்தனார்தான் தேர்ந்தவர்.

செங்கல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு, அதைச் சொல்லாமல் கடக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு சூளைக் காலம் தொடங்கும். மண் பிசைந்து, அச்சில் அறுத்து, வெயிலில் காயவைத்து, அடுக்கிச் சுடும் வேலையைக் குடும்பம் குடும்பமாகச் செய்கிறார்கள். முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட இருளர் குடும்பங்களைச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரத்துச் சூளைகளிலிருந்து அதிகாரிகள் மீட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். ஆயிரமாயிரம் கல் அறுத்தவர் ஓலைக் குடிசையிலேயே காலம் கழித்தார் என்பதை, வீடு கட்டுகிற எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும்.

வேலை செய்கிறவரின் உடம்பைப் பற்றியும் பேசலாம். 1885-இல் அமெரிக்காவில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் கொத்து வேலை பழகச் சேர்ந்தான். பெயர் ஃபிராங்க் கில்பிரெத். சொல்லிக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கல் வைப்பதைக் கவனித்தான். அதே ஆள் வேகமாகச் செய்யும்போது ஒரு விதம், மெதுவாகச் செய்யும்போது வேறு விதம். பின்னாளில் ஒரு செங்கல் வைக்க ஆகும் 18 அசைவுகளை 5 ஆகக் குறைத்தார். மணிக்கு 120 கல் வைத்த இடத்தில் 350 கல் வைக்க முடிந்ததாக மேலாண்மை வல்லுநர் ஃபிரெடரிக் டெய்லர் 1911-இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்தார். ரகசியம் பெரிதல்ல. கல்லும் கலவையும் இடுப்பு உயரத்துக்கு வரும்படி சாரத்தில் ஒரு மேடை அமைத்தார். நல்ல முகம் வெளியே தெரியும்படி கல்லை முன்கூட்டியே அடுக்கித் தரச் சொன்னார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முறை குனிந்து நிமிர்வது ஒழிந்தது.

நம் ஊரில் அந்த மேடையாக இருப்பவர் சித்தாள். கலவைச் சட்டியையும் செங்கல்லையும் தலையில் ஏற்றிச் சாரத்தின் கீழ் கொண்டுவந்து கொத்தனாரின் கைக்கு எட்டக் கொடுப்பவர், கலவையில் தண்ணீர் போதுமா என்று கண்ணால் அளப்பவர், சுவருக்குத் தண்ணீர் ஊற்றுபவர் எல்லாம் பெரும்பாலும் பெண்கள். இருபது வருடம் கொத்தனாரின் பக்கத்தில் நின்றவருக்குச் சுவரைப் பற்றித் தெரியாதது குறைவு. ஆனாலும் கரண்டி அவர் கைக்கு வருவதில்லை, கூலியும் அந்தப் படியைத் தாண்டுவதில்லை. சொந்த வீட்டில் மட்டும் நிலை வேறு. கணவன் வெளியூர் வேலைக்குப் போயிருக்கும் வாரத்தில் அடுப்பு மேடையைப் பூசுவதும், உடைந்த திண்ணையைச் சரிசெய்வதும், குளியலறை மூலையில் ஒழுகும் சந்தை அடைப்பதும் அவர்தான். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து வீடு கட்டியிருக்கிறார்கள். ஜார்க்கண்டில் 'ராணி மிஸ்திரி' என்ற பெயரில் கழிப்பறை கட்டப் பெண்கள் பயிற்சி பெற்றார்கள். தமிழ்நாட்டுச் சித்தாளுக்கு அந்த அளவு பயிற்சிகூடத் தேவைப்படாது. அவரைக் கொத்தனார் என்று ஒப்புக்கொண்டு அந்தக் கூலியைக் கொடுத்தால் போதும்.

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை இருக்கிறது. கடலைப் பார்த்து நிற்கும் செங்கல் சுவர். உப்புக் காற்றும் பீரங்கிக் குண்டும் தாங்கிய அந்தச் சுவரில் கல்லோடு கல்லைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்பு. சிமென்ட் வருவதற்கு முன் இந்தக் கரையின் எல்லா வீட்டுக்கும் அதுதான் பசை. காயலில் அள்ளிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். சுவரில் ஏறிய பிறகு காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் புளிக்கவைத்த சாந்து பல நாள் வேலை வாங்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை வந்த ஐரோப்பியர்கள் சலவைக்கல் என்றே நினைத்து வியந்த பளபளப்பான சுவர்கள் இந்தச் சாந்துப் பூச்சுதான்.

சுண்ணாம்புக்குச் சிமென்ட்டிடம் இல்லாத ஒரு குணம் உண்டு: அது ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது. சுவருக்குள் ஏறிய ஓதம் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியேறும். உப்பும் அந்தப் பூச்சில்தான் பூக்கும். கெடுவது பூச்சுதான், செங்கல் பிழைக்கும். கெட்ட பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபூச்சு கொடுத்தால் முடிந்தது. பழைய சுண்ணாம்புச் சுவர் உதிர்கிறதென்று அதன்மேல் கெட்டியாகச் சிமென்ட் பூசுவதை இன்று எல்லா ஊரிலும் காண்கிறோம். இரண்டு வருடம் அழகாக இருக்கும். பிறகு ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும். சிமென்ட் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். தாத்தா கட்டிய வீட்டைப் பேரன் நல்ல எண்ணத்தோடு கெடுக்கும் வழி இது. இதை எடுத்துச் சொல்லக்கூடிய கொத்தனார்கள் இன்று வயதானவர்கள்.

பராமரிப்புக்கு நம்மிடம் நாள் குறித்த வழக்கங்கள் இருந்தன. திருக்கழுக்குன்றத்தில் பக்தவத்சலேசுவரர் கோயிலின் நான்கு கோபுரங்களைப் பாருங்கள். இத்தகைய கோபுரங்களில் கருங்கல் இருப்பது கீழே மட்டும். மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். மழையும் வெயிலும் சுதையை அரிக்கும், இடுக்கில் அரசு முளைக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு என்ற வழக்கத்தால்தான் சாரம் கட்டி, செடி பிடுங்கி, வெடிப்பு அடைத்து, வர்ணம் தீட்டும் வேலை தவறாமல் நடக்கிறது. வீட்டுக்கு அந்த இடத்தில் பொங்கல் இருந்தது. போகிக்கு முன் சுண்ணாம்பு வாங்கி ஊறவைத்து, தென்னை மட்டையைத் தட்டித் தூரிகையாக்கி வெள்ளையடித்தது வெறும் அலங்காரத்துக்கு அல்ல. ஒவ்வொரு ஆண்டும் ஒரு மெல்லிய புதுத்தோல் சுவருக்குக் கிடைத்தது. அடிக்கிற கை சுவரின் ஒவ்வொரு அடியையும் தொட்டுப் பார்த்தது. விரிசல் எங்கே என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்தது. பத்து வருட உத்தரவாதம் தரும் பெயின்ட் வந்த பிறகு அந்த வருடாந்தரப் பார்வை போய்விட்டது.

மெட்ராஸ் தளம் இன்னொரு இழப்பு. தேக்கு அல்லது பனை விட்டங்களின் மேல் சிறிய தளக்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் வரிசை பிடிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். மேலே தட்டோடு. கம்பியே இல்லாததால் துருப்பிடிக்கவும் ஒன்றுமில்லை. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் போனால், பல ஊர்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பூட்டிய பழைய வீடுகளுக்குள் நடக்கலாம். அவற்றைக் காத்து வைத்திருப்பதே மரபுத் தொழிலாளர்களுக்குத் தொடர்ந்து வேலை தருகிற செயல். தங்கள் வீட்டைக் காக்க விரும்புகிறவர்கள் அங்கே அரை நாள் செலவிட்டால் நன்மை.

இன்றைய கான்கிரீட் வீட்டுக்குக் கம்பிதான் பலவீனம். உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் தளத்தின் அடிப்பூச்சு வெடித்து விழும். மீனவர் குப்பங்களில் சன்ஷேட் கம்பி வெளியே தெரியாத பழைய வீடு அபூர்வம். அடியில் போதிய கனம் கான்கிரீட் மூடாமல், கம்பியைச் சென்ட்ரிங் பலகையோடு ஒட்டவைத்துவிட்ட நாளிலேயே அந்தக் கேடு தொடங்கிவிட்டது.

ஆகவே தேர்ந்த கொத்தனார் தன் வீட்டைச் சுற்றிவரும் மாதம் புரட்டாசி. மழைக்கு முன் மாடி ஏறி, தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். கைப்பிடிச் சுவரின் சந்தில் முளைத்த அரசங்கன்றை மேலோடு கிள்ளாமல், கல்லை எடுத்து வேரோடு பிடுங்கி மறுபடி கல்லை வைப்பார். கரண்டிப் பிடியால் பூச்சைத் தட்டிக்கொண்டே போய், பொத்தென்று ஒலிக்கும் இடத்தில் கட்டம் போடுவார். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதுவார். அடுத்த முறை அது கோட்டைத் தாண்டியிருந்தால்தான் கவலை. படிப்படியாகச் சந்து வழியே இறங்கும் விரிசல் கடைக்கால் அமர்வதைக் காட்டும். தளத்துக்குக் கீழே படுக்கையாக ஓடும் விரிசல் வெயிலில் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை, மாடியில் வெயில் தாங்கத் தட்டோடு பதித்தால் அடங்கும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியது போன்ற நாள்களில், ஒழுகாத வீட்டுக்கும் ஒழுகும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த ஒரு பகல் வேலைதான்.

அரசுப் பணம் இப்போது முன்பைவிட இந்தக் குடும்பங்களை நோக்கி வருகிறது. 1994-இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், சொந்த மனையுள்ள பதிவுபெற்ற தொழிலாளி வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் வரை உதவும் திட்டத்தை நடத்துகிறது. 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் குடிசைக்குப் பதிலாக 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறது. கொத்தனாருக்கு இந்தத் தொகை மற்றவர்களைவிட நீண்ட தூரம் ஓடும்; கூலி வெளியே போகாது. பழைய அரசுத் திட்ட வீடுகளைப் பழுதுபார்க்கவும் 2024-இல் தனித் திட்டம் அறிவிக்கப்பட்டது. பழுதுபார்ப்பது என்பதே ஒரு தொழில், அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்று அரசு ஒப்புக்கொண்டது இதில் மிக முக்கியமானது.

அந்தப் பணத்தை யார் கையில் கொடுத்து என்ன வேலை வாங்குவது என்பதுதான் இனி முடிவு செய்ய வேண்டியது. மாமல்லபுரத்தில் 1957 முதல் கட்டட, சிற்பக் கலைக்கு ஒரு கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் கொத்து வேலைக்குப் பாடப்பிரிவு உண்டு. சுண்ணாம்புச் சுவரை எப்படித் தொடுவது, உப்பேறிய செங்கல்லை எப்படி மாற்றுவது என்று கற்க விரும்பும் இளைஞர் இன்னமும் ஒரு மூத்த கொத்தனாரின் பின்னால்தான் சுற்ற வேண்டியிருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்ககங்களில் ஏஏசி பிளாக் எனும் இலகு கான்கிரீட் கட்டிகளைப் பசை போட்டு அடுக்கப் பழகும் அந்த இளைஞருக்கு, நெடுக்குக்கல்லும் குறுக்குக்கல்லும் பிணைத்துக் கட்டும் வாய்ப்பே குறைந்துவருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் அரசுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு வீட்டுப் பழுதுபார்ப்பிலும் ஒரு மூத்த கொத்தனாரையும் இரண்டு சித்தாள் பெண்களையும் சேர்த்து அனுப்பி, மூவருக்கும் கொத்தனார் கூலி போட்டு, வேலையோடு வேலையாகப் பயிற்சி நடத்தினால் ஐந்து ஆண்டில் ஊருக்கு ஒரு தேர்ந்த பழுதுபார்ப்புக் குழு கிடைக்கும். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம். வேலை உத்தரவில் இன்னும் இரண்டு வரி எழுதினால் போதும்.